நூறு ரூபாய்த் தீர்ப்பு

(கெங்கவல்லியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கெங்கவல்லியில் நின்று ஒரு வக்கீலைப் பற்றிப் பேசப் புகுந்தால், சபையில் பாதிப்பேர் முகத்தில் ஒரு புன்னகை அரும்புவது இயல்பே. வரப்புத் தகராறோ, பாகப்பிரிவினையோ, சுவேத நதிக்கரைப் பாக்குத் தோப்புக்குப் பாயும் தண்ணீர் விவகாரமோ, ஏதேனும் ஒன்றின் பொருட்டு ஆத்தூர் கோர்ட்டு வாசலில் வாய்தாவுக்குக் காத்து நின்ற அனுபவம் இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் அரிது. வக்கீல் என்றால் வாய்தா, வாய்தா என்றால் வக்கீல் என்று நாம் கணக்கு வைத்துவிட்டோம். அந்தக் கணக்கில் அடங்காத ஒரு வக்கீலின் சரித்திரத்தைச் சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். நம்முடைய ஜில்லாவின் தலைநகரில் வாழ்ந்து, ஒரு முனிசிபல் அங்கத்தினர் பதவிக்காக இந்தியாவை ஆண்ட சர்க்காரையே பிரதிவாதியாக்கிக் கோர்ட்டில் நிறுத்தி, ஜெயித்து, பின்னாளில் காங்கிரஸ் மகாசபைக்கே தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார்தாம் அவர்.

தென்னிந்தியச் சிங்கம் என்றும் சேலம் வீரர் என்றும் அக்காலத்தவர் அவரை அழைத்தார்கள். பட்டப்பெயர்கள் நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பவை. அவற்றை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் இந்தச் சிங்கம் கர்ஜித்தது எந்த மைதானத்திலும் அன்று, கோர்ட்டில். அதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

அவர் பிறந்தது நம் ஜில்லாவில் அன்று. புகழேந்திப் புலவரைத் தந்த ஊர் என்று போற்றப்படும் செங்கற்பட்டுப் பக்கத்துப் பொன்விளைந்த களத்தூரில், வைதிகமான ஓர் ஐயங்கார் குடும்பத்தில், 1852ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தார். முதலில் கிராமத்துப் பாடசாலையில் சம்ஸ்கிருதம், பிறகே இங்கிலீஷ். சென்னை மாகாணக் கல்லூரியில் 1875இல் பட்டம் பெற்று, அங்கேயே சிலகாலம் ஆசிரியராக இருந்து, மங்களூர்க் கல்லூரிக்கு மாற்றப்பட்டு, பின்னர் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, சேலம் முனிசிபல் கல்லூரிக்கு இங்கிலீஷும் கணிதமும் போதிக்க வந்து சேர்ந்தார். பகலில் பிள்ளைகளுக்குக் கணக்கு. மற்ற வேளையில் சட்டப் புஸ்தகம். சட்ட வகுப்பு எதிலும் போய் உட்காராமலே பரீட்சை எழுதித் தேறி, 1881இல் வக்கீலானார். அடுத்த ஆண்டே சேலம் முனிசிபல் சபையில் அங்கத்தினரானார். முப்பது வயது, புதிய தொழில், புதிய பதவி. அந்த வருஷத்திலேயே அவர் தலையில் இடி விழுந்தது.

1882 ஆகஸ்டு மாதத்தில் சேலத்தில் நடந்த கலகத்தைப் பற்றி உங்கள் பாட்டனார் காலத்துக் கிழவர்கள் பேசிக் கேட்டிருக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் ஊர்வலம் போகும் பாதையில் எழுந்த ஒரு மசூதியையும், அதன் முன்னே வாத்தியம் முழங்கலாமா கூடாதா என்பதையும் பற்றி நெடுநாள் புகைந்துகொண்டிருந்த மனஸ்தாபம், அந்த மாதம் தீயாய்ப் பற்றி எரிந்தது. மசூதி இடிக்கப்பட்டது. இந்துக்களும் முஸ்லிம்களும் அடித்துக்கொண்டார்கள். உயிர்களும் போயின. அது நம் ஜில்லாவுக்கு நேர்ந்த ஒரு பெரும் அவமானம். அதில் எந்தப் பக்கத்துக்கும் பெருமை இல்லை.

கலகம் அடங்கியதும் கலகக்காரர்களைத் தேடுவது சர்க்காரின் கடமைதான். ஆனால் உத்தியோக வர்க்கத்துக்குக் கலகக்காரர்கள் மட்டும் போதவில்லை. அவர்களுக்குத் தலைவன் ஒருவன் வேண்டியிருந்தது. படித்தவன், பேசுகிறவன், முனிசிபல் கூட்டத்தில் எழுந்து கலெக்டரின் மனம் கோணும்படி கேள்வி கேட்கிறவன் ஒருவன் கண்ணெதிரே இருக்கும்போது, வேறு எங்கே போய்த் தேடுவார்கள்? விஜயராகவாச்சாரியார் கலகத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. சாட்சிகள் வந்தார்கள், கூண்டில் ஏறிச் சொன்னார்கள். பத்தாண்டுச் சிறைவாசம் என்று தீர்ப்பாயிற்று.

நண்பர்களே, ஒரு கணம் அந்த நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் வருஷத்து வக்கீல். வழக்காடப் பழகுவதற்கு முன்னே தாமே கைதிக் கூண்டில் நிற்கிறார். மனம் உடைந்தாரா? இல்லை. மன்னிப்புக் கேட்டு மனு எழுதினாரா? இல்லை. பெரிய மனிதர்களின் வீட்டு வாசலில் சிபாரிசுக்கு நின்றாரா? அதுவும் இல்லை. தமக்குத் தெரிந்த ஒரே ஆயுதமான சட்டத்தையே கையில் எடுத்தார். மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார்.

சாதாரண மனிதன் இத்துடன் வீட்டுக்குப் போயிருப்பான். பிழைத்தோம், பெருமாள் காப்பாற்றினார் என்று திருமஞ்சனம் செய்வித்துவிட்டுத் தொழிலைக் கவனித்திருப்பான். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். உங்களிலும் பலர் அதையே செய்திருப்பீர்கள். ஆனால் அவர் வீட்டுக்குப் போகவில்லை. தம்மோடு தண்டிக்கப்பட்ட மற்றவர்கள் அந்தமான் தீவாந்தரத்தில் வாடுவதை மறக்கவில்லை. படித்த வக்கீல் தப்பிக்கலாம். படிக்காத ஏழை அங்கேயே சாக வேண்டுமா என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை. வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடமே முறையிட்டு, அவர்கள் மீள வழி தேடினார்.

இனிமேல்தான் நூறு ரூபாயின் கதை வருகிறது.

கலகத்தைக் காரணம் காட்டிச் சர்க்கார் அவரை முனிசிபல் அங்கத்தினர் பதவியிலிருந்தும் நீக்கியிருந்தது. கவர்னராக இருந்தவர் கிராண்ட் டஃப் துரை. கலகத்தின்போதும் அதன் பின்னும் அவருடைய நிர்வாகம் நடந்துகொண்ட விதத்தைச் சென்னைப் பத்திரிகைகள் கடுமையாகக் கண்டித்துவந்தன. 1878இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய ஹிந்து, சேலத்து விவகாரத்தை விடாமல் எழுதி, 1883இல் வாரம் மும்முறை வரும் பத்திரிகையாக வளர்ந்தது. குற்றமற்றவர் என்று ஹைகோர்ட்டே சொன்ன பிறகும், குற்றத்தின் பேரில் பறித்த பதவியைச் சர்க்கார் திருப்பித் தரவில்லை. கவர்னர் போட்ட உத்தரவு. அதற்குமேல் அப்பீல் ஏது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

விஜயராகவாச்சாரியார் அப்படி நினைக்கவில்லை. கவர்னர் உத்தரவு போட்டார், சரி. எந்தச் சட்டத்தின்படி போட்டார்? அந்தச் சட்டம் கவர்னருக்குக் கொடுத்த அதிகாரம் எவ்வளவு? அந்த எல்லையைத் தாண்டினால் கவர்னரும் ஒரு சாதாரணப் பிரதிவாதிதானே? இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அக்காலத்தில் இந்திய சர்க்காரின் மேல் வழக்குத் தொடுக்க வேண்டுமானால், லண்டனில் உட்கார்ந்திருந்த இந்தியா மந்திரியின் பெயரில்தான் தொடுக்க வேண்டும். ஆகவே பிராதில் வாதியின் இடத்தில் ஒரு சேலத்து வக்கீலின் பெயர். பிரதிவாதியின் இடத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் மந்திரி. 1884ஆம் ஆண்டு சென்னை ஹைகோர்ட்டின் தீர்ப்புத் தொகுதியில் இந்த வழக்கை இன்றைக்கும் எந்தச் சட்ட நூலகத்திலும் எடுத்துப் படிக்கலாம். நீக்கியது செல்லாது, பதவி திரும்பியது, நஷ்டஈடு நூறு ரூபாய்.

நூறு ரூபாய்! அந்த நாளில் அது ஒரு பெரிய மிராசுதாரருக்கு அற்பம், ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பெரிது, சாம்ராஜ்யத்துக்கோ தூசு. ஆனால் அந்த நூறு ரூபாயைக் கட்டியது யார்? சர்க்கார். கட்டச் சொன்னது யார்? சர்க்கார் ஏற்படுத்திய கோர்ட்டு. கட்ட வைத்தது யார்? அந்தச் சர்க்காரே ஈராண்டுக்கு முன் கைதியாக்கிய ஒரு மனிதன். பிற்காலத்தில் இந்தத் தேசத்தில் எத்தனையோ பேர் லட்சக்கணக்கில் நிதி திரட்டினார்கள். ராவ்பகதூர், திவான்பகதூர் என்று பட்டங்கள் பெற்றவர்களுக்கும் கணக்கில்லை. சேலத்து வக்கீல் வாங்கிய அந்த நூறு ரூபாய்க்கு அவற்றில் எதுவும் ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

கடல் கடந்த தேசத்திலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே வார்ப்பில் ஒரு வக்கீல் வாழ்ந்தார். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் கிளாரன்ஸ் டாரோ என்பவர் நம்மவரைவிட ஐந்து வயது இளையவர். ரயில்வே கம்பெனிக்கு வக்கீலாக இருந்து கைநிறையச் சம்பாதித்தவர், 1894இல் வேலைநிறுத்தம் செய்த ரயில் தொழிலாளரின் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக வாதாடும் பொருட்டு அந்தக் கம்பெனி வேலையை விட்டார். பிறகு இல்லினாய்ஸ் மாகாணச் சட்டசபையிலும் அமர்ந்தார். 1912இல் ஜூரியில் ஒருவருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக அவர்மேலேயே குற்றம் சாட்டப்பட்டபோது, தாமே எழுந்து தமக்காகப் பேசினார்; அந்த வழக்கில் விடுதலையும் பெற்றார். இன்றும் அமெரிக்காவில் அவரைப் பற்றிப் புஸ்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, நாடகங்கள் நடிக்கிறார்கள். நம்மவரைப் பற்றியோ, சேலத்தில் அவர் பெயரால் நிற்கும் நினைவு நூலகத்தையும் சொற்பொழிவு மண்டபத்தையும் தாண்டி, நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? டாரோ கைதிக் கூண்டில் நின்றபோது ஐம்பதைத் தாண்டிய, தேசம் முழுதும் பெயர் பெற்ற வக்கீல். நம்மவர் நின்றபோது முப்பது வயது, பெயர் இல்லை, பணம் இல்லை, ஆளும் இனத்தவரும் அல்லர். இந்த வித்தியாசத்தை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதன்பின் அவர் ஏறிய படிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். காங்கிரஸ் தோன்றிய காலம் முதலே அதனோடு தொடர்பு கொண்டார். 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸில் அந்த ஸ்தாபனத்துக்கு விதிகள் வகுக்க ஏற்பட்ட குழுவில் இருந்தார். 1895 முதல் 1901 வரை சென்னைச் சட்டசபை. 1913 முதல் 1916 வரை இந்தியச் சட்டசபை. அந்தச் சட்டசபைகளை இன்றைய சட்டசபைகளைப் போல் எண்ணிவிடாதீர்கள். சென்னையில் கேள்வி கேட்கலாம், வரவு செலவைப் பற்றிப் பேசலாம், வோட்டுப் போட முடியாது. டில்லியிலோ உத்தியோகஸ்தர்களுக்கே பெரும்பான்மை. கேட்கும் உரிமை மட்டும் கிடைத்த இடத்தில் அதையாவது ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர். 1907இல் சூரத்தில் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது மிதவாதிகளின் காங்கிரஸோடு சேராமல் விலகி நின்று, 1916இல் பிளவு தீர்ந்த பிறகே திரும்பினார்.

தொரப்பள்ளியில் பிறந்த ஓர் இளம் வக்கீல் 1900இல் சேலத்துக்குத் தொழில் நடத்த வந்தார். ராஜகோபாலாச்சாரியார் என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். அந்த இளைஞருக்கு அரசியலில் பிடிப்பு ஏற்படுவதற்கு மூத்த வக்கீலின் சகவாசம் பெரிதும் காரணமாயிற்று. சேலம் முனிசிபாலிட்டிக்கு ராஜாஜி தலைவராக இருந்ததும், நம் ராசிபுரத்துக்காரரான வரதராஜுலு நாயுடுவின் ராஜத்துரோக வழக்கில் 1918இல் அவர் வாதாடியதும் நீங்கள் அறிந்தவை. மூத்தவர் இளையவருக்கு வழி காட்டினார். இளையவர் அந்த வழியில் வெகுதூரம் நடந்தார். ஒரு சந்தியில் வந்து இருவரும் வெவ்வேறு பாதையில் திரும்பினார்கள். அந்தச் சந்தியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1919 மார்ச்சு மாதம். ரௌலட் மசோதா சட்டமாகப் போகிறது. காந்தியடிகள் சென்னைக்கு வந்து கஸ்தூரிரங்க ஐயங்காரின் பங்களாவில் தங்கியிருக்கிறார். உண்மையில் விருந்தளிப்பவர், சேலத்தை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த ராஜாஜி. தலைவர்கள் சிலர் கூடி ஆலோசிக்கிறார்கள். சத்தியாக்கிரகம் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆனால் எப்படிச் செய்வது என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்தச் சிறு கூட்டத்தில் முனைந்து பேசியவர் விஜயராகவாச்சாரியார் என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். அவர் காந்தியடிகளிடம் கேட்டது என்ன தெரியுமா? சத்தியாக்கிரக சாஸ்திரத்தைப் பற்றி, நுட்பமான விவரங்கள் உள்பட, முழுமையான ஒரு கையேடு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். அது தம் சக்திக்கு அப்பாற்பட்ட வேலை என்று காந்தியடிகள் ஒப்புக்கொண்டார். சில நாளில், விடியற்காலையில் தூக்கமும் விழிப்புமான நிலையில் அவருக்கு ஹர்த்தால் யோசனை தோன்றியதும், தேசம் முழுவதும் கடையடைத்ததும் சரித்திரம்.

அந்த அறையில் இருந்த இரண்டு மனிதர்களைப் பாருங்கள். ஒருவருக்கு வழி மனச்சாட்சியிலிருந்து பிறக்கிறது. மற்றவருக்கு வழி எழுத்தில் இருக்க வேண்டும். ஷரத்து ஷரத்தாக இருக்க வேண்டும். இன்னது செய்யலாம், இன்னது கூடாது என்று வரையறுத்திருக்க வேண்டும். சிரிக்கத் தோன்றுகிறதா? சிரிக்காதீர்கள். எல்லை எழுதப்பட்டிருந்ததனால்தான் 1884இல் அவர் கவர்னரை ஜெயித்தார். எழுதப்படாத அதிகாரம் நல்லவர் கையில் இருந்தாலும் அவருக்கு நம்பிக்கை பிறப்பதில்லை.

அந்தச் சென்னை ஆலோசனைக்கு மறுவருஷம் டிசம்பரில் நாகபுரி காங்கிரஸ். பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் கூடிய அந்த மகாசபைக்கு அறுபத்தெட்டு வயதுச் சேலத்து வக்கீல் அக்கிராசனர். ஒத்துழையாமைத் தீர்மானம் அங்கே உறுதியாயிற்று. நாலணா அங்கத்தினர் சந்தா, பாஷைவாரி மாகாணக் கமிட்டிகள், பதினைந்து பேர் கொண்ட காரியக் கமிட்டி எல்லாம் அங்கேதான் பிறந்தன. ஆனால் வக்கீல்கள் கோர்ட்டை விட வேண்டும், மாணவர்கள் கல்விச்சாலையை விட வேண்டும் என்ற பகுதிகள் தலைவருக்குச் சம்மதமில்லை. சபை முழுவதும் காந்தியடிகளின் பக்கம் சாய்ந்து நின்றபோது, அந்தச் சபைக்குத் தலைவராக உட்கார்ந்துகொண்டே தம் மாறுபட்ட அபிப்பிராயத்தை மறைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, சபை முடிவு செய்ததை முடிவென்று ஏற்று அக்கிராசனத்தில் இருந்தார். தலைமை கிடைத்ததும் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்பவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். தோற்கும் அபிப்பிராயத்தோடு தலைமை தாங்கியவர் எத்தனை பேர்?

அவருடைய சீடர் போன்ற ராஜாஜி வக்கீல் தொழிலை அடியோடு விட்டுவிட்டுக் காந்தியடிகளின் பின்னே போனார். இருவரில் யார் சரி? அந்த நேரத்துக்கு ராஜாஜிதான் சரி என்பேன். கோர்ட்டில் மட்டும் வாதாடிச் சுயராஜ்யம் வந்திருக்காது. லட்சக்கணக்கான ஜனங்களை வீதிக்கு அழைக்கும் குரல் மூத்தவரிடம் இல்லை. ஆயினும் சுயராஜ்யம் வந்த மறுநாள் என்ன வேண்டும் என்பதை மூத்தவர் நன்றாக அறிந்திருந்தார். 1950இல் நம் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது, அடிப்படை உரிமைகள் ஷரத்து ஷரத்தாக எழுதப்பட்டன. சர்க்காரின் உத்தரவை எதிர்த்து எந்தப் பிரஜையும் ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போடலாம் என்று 226ஆம் ஷரத்து சொல்லிற்று. அவர் கேட்ட கையேடு அப்போதுதான் எழுதப்பட்டது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் புகழ் மட்டும் பாடுவது உங்களை ஏமாற்றுவதாகும். பிற்காலத்தில் அவர் இந்து மகாசபையின் பக்கம் சாய்ந்து, 1931இல் அகோலாவில் கூடிய அதன் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். சமூகவாரித் தொகுதிகளை எதிர்த்ததற்கு அவரிடம் நியாயங்கள் இருந்தன. ஆனாலும் செவ்வாய்ப்பேட்டையில் வகுப்புப் பகையின் கொடுமையை நேரில் கண்டு, அதன் பேரில் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்ட ஒருவர், ஒரு வகுப்பின் பெயரால் அமைந்த சபையில் போய் அமர்ந்தது எனக்கு உவப்பாக இல்லை.

மற்றொரு பக்கம், வைதிகக் குடும்பத்தில் பிறந்த அவரே பெண்ணின் விவாக வயதை உயர்த்த வேண்டும் என்றும், தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்றும் பேசினார். அக்காலத்து அக்கிரகாரத்தில் இதைப் பேசுவது கவர்னரை எதிர்ப்பதைவிடக் கடினம். தாய்மார்களே, இந்துப் பெண்ணுக்குப் பூர்விகச் சொத்தில் ஆணோடு சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 1989இல்தான். இன்றும் நம் பக்கத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பங்கைத் தம்பி பேரில் எழுதும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? பத்திரப் பதிவு ஆபீசில் போய்ப் பாருங்கள்.

1944 ஏப்ரல் மாதம், சுதந்திரத்துக்கு மூன்று வருஷம் முன்னே, தொண்ணூற்றொரு வயதில் அவர் காலமானார். சுதந்திரக் கொடி ஏறியதை அவர் காணவில்லை.

இளம் நண்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டாவை ரத்து செய்கிறோம் என்றோ, ரேஷன் கார்டை நிறுத்துகிறோம் என்றோ, உங்கள் வீட்டுக் கதவில் ஓர் உத்தரவு ஒட்டப்படும் நாள் வரலாம். அன்று கெஞ்சவும் வேண்டாம், கல்லெடுக்கவும் வேண்டாம், தெரிந்த பெரிய மனிதரைத் தேடி ஓடவும் வேண்டாம். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இந்த உத்தரவு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போங்கள். வாய்தா விழும், விழட்டும். விஜயராகவாச்சாரியாருக்கும் விழுந்தது.